எல்லாம் நிஜமில்லை போலத் தோன்றியது. காரணம் என் இடது காதில் இருந்தது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தம்பிக்கு 38 வயது. ஐந்து மாதமாக "எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கு, நான் பேசுறதே வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது" என்கிறார். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் பலன் தெரியவில்லை. மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இது மனநோய்தானா, உடம்பில் ஏதாவது காரணம் இருக்குமா, சரியாகுமா?

உடம்பில் காரணம் இருக்க வாய்ப்பு உண்டு. சரியாகவும் வாய்ப்பு உண்டு. நான் மருத்துவர் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆனால் தம்பி சொல்லும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பதினாறு மாதம் இருந்துவிட்டு வந்தவள். வெளியே வந்த பிறகு, எனக்கு என்ன நடந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 41 வயது. ஒரு வாரம் சளிக்காய்ச்சல் இருந்து விட்டது. அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்தால் கட்டிலோடு சேர்ந்து அறையே சுற்றியது. எழுந்தால் இடது பக்கமாகச் சாய்ந்தேன். குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி. பக்கத்து கிளினிக்கில் "பித்தம், கேஸ்" என்று ஊசி போட்டார்கள். மூன்று நாளில் சுற்றல் அடங்கியது. தலைசுற்றலுக்கான மாத்திரையை மட்டும் தொடர்ந்து சாப்பிடச் சொன்னார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். முகங்கள் எல்லாம் திரைச்சீலையில் வரைந்த மாதிரி தட்டையாகத் தெரிந்தன. என் குரல் தூரத்திலிருந்து வந்தது. சாக்பீஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தால் அது என் கை என்று தெரிகிறது, ஆனால் என் கையாக உணர முடியவில்லை. அன்று ஆரம்பித்தது நாளுக்கு நாள் கூடியது. ஜவுளிக்கடையின் வெளிச்சத்திலும் கூட்டத்திலும் தாங்க முடியாது. படுத்திருந்தால் கொஞ்சம் குறையும்.

கழுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். 41 வயதில் பலருக்கும் ஏதாவது தேய்மானம் தெரியும்; எனக்கும் தெரிந்தது. அதனால்தான் தலைசுற்றல் என்று காலர் மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் கழுத்தையே அசைக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்து, பதற்ற நோய் என்று மாத்திரை. அது கேட்காமல் போகவே இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவரிடம் "சார், பிள்ளைங்க எல்லாம் பொம்மை மாதிரி தெரியறாங்க, என் கை என் கை இல்லாத மாதிரி இருக்கு" என்றேன். சீட்டில் அவர் எழுதியதைப் பிறகு பார்த்தேன். மனிதர்கள் பொம்மைகள் என்று நோயாளி சொல்கிறார் என்று இருந்தது. பக்கத்தில் 'சைக்கோசிஸ்' (நிஜம் எது என்ற பிடி விட்டுப்போகும் மனநோய்) என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அடுத்த முறை போனபோது அந்தக் கேள்விக்குறி இல்லை. எட்டு மாதம் அதற்கான மாத்திரைகளைச் சாப்பிட்டேன். பதினோரு கிலோ எடை கூடியது. பகலெல்லாம் தூக்கம். கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது.

நான் சொன்னதை அவர் எழுதியபோது ஒரே ஒரு சொல்தான் விடுபட்டிருந்தது: 'மாதிரி'. ஆனால் இந்த நிலையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தானும் உலகமும் நிஜமில்லை போலத் தோன்றும் இந்த நிலைக்கு டீபெர்சனலைசேஷன் என்று பெயர். அது வந்தவருக்கு அது பொய்த்தோற்றம் என்பது தெரியும். "பொம்மை போல" என்பாரே தவிர "பொம்மை" என்று சொல்ல மாட்டார். சைக்கோசிஸ் வந்தவர் அந்தப் 'போல'வைச் சொல்வதில்லை. பொம்மை என்றே நம்புவார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடும், நிஜ உலகைச் சரியாக அறியும் திறன் கெடாமல் இருப்பதை இந்த நோய்க்கான நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. தம்பி உங்களிடம் பேசும்போது "மாதிரி", "போல" என்று சொல்கிறாரா? உங்கள் கேள்வியில் அவர் சொன்னதாக எழுதியிருப்பதில் அது இரண்டு முறை வருகிறது. மருத்துவரிடம் போகும்போது அந்தச் சொல் தவறாமல் போய்ச் சேரட்டும்.

அதே கையேட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. இது தனி நோயாக வரும்போது, ஆரம்பிக்கும் வயது சராசரியாக 16. 25 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வருபவர்கள் 5 சதவீதம்தான். 40 வயதுக்கு மேல் வந்தாலோ, வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள் இருந்தாலோ, உடல் காரணத்தைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. எனக்கு 41, உங்கள் தம்பிக்கு 38. இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் "இந்த வயசுல ஏன் புதுசா வந்தது?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எனக்காக அதை யாரும் கேட்கவில்லை.

சரி, காது எப்படி உள்ளே வந்தது?

காதுக்குள் அரிப்பு என்று ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருந்தேன். அங்கே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது எப்படிம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டார். முதல் நாள் வந்த அந்தச் சுற்றலைச் சொன்னேன். அதைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அடுத்து, "தலையைத் திருப்பினா அதிகமாகுதா?" என்றார். ஆமாம் என்றபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பலகையிலிருந்து திரும்பும்போதுதானே முதலில் வந்தது!

என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவருடைய மூக்கையே பார்க்கச் சொன்னார். தலையை வலப்பக்கம் சட்டென்று ஒரு சின்னத் திருப்பு. என் பார்வை மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பினார். பார்வை தலையோடு சேர்ந்து வழுக்கிப்போய், பிறகு ஒரு குதி குதித்து மூக்குக்குத் திரும்பியது. 1988-இல் ஆஸ்திரேலியாவில் ஹல்மாகி, குர்த்தாய்ஸ் என்ற இருவர் விவரித்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது.

அடுத்து, காதுக்குள் 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனை. உடல் வெப்பத்துக்கு ஏழு டிகிரி கீழே, ஏழு டிகிரி மேலே. அந்த வெப்பம் உள்காதின் குழாயில் இருக்கும் திரவத்தை அசைக்கும், தலை சுழல்வதாக மூளை நினைக்கும், கண் துடிக்கும். வலது காது நன்றாகத் துடித்தது. இடது காதின் பதில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் எனக்கு மறக்காதது அந்த முடிவு இல்லை. வலது காதில் வெந்நீர் போன சில நொடிகளில், பதினொரு மாதமாக நான் யாருக்கும் புரியவைக்க முடியாத அந்தக் கண்ணாடி முழு பலத்தோடு என் முன்னால் இறங்கியது. "இதுதான் டாக்டர், இதேதான்!" என்று கத்திவிட்டேன். அழுதேன். ஒரு குவளைத் தண்ணீரால் வரவழைக்க முடிகிற ஒன்றை என் புத்தி பேதலித்ததற்கு அடையாளம் என்று நினைத்து எத்தனை ராத்திரி பயந்திருக்கிறேன்.

2006-இல் லண்டனில் இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு பழுதான நோயாளிகளிடம் இப்படி நிஜமில்லாத உணர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள். அதோடு, எந்த நோயும் இல்லாதவர்களின் காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது அவர்களுக்கும் அந்த நேரத்தில் இதே வகை உணர்வுகள் வந்தன.

ஏன் இப்படி? உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக, நாங்கள் பாடத்தில் வரையும் மூன்று அச்சுகள் போல. தலை எந்தத் திசையில் திரும்பினாலும் அதை அளந்து மூளைக்குச் சொல்லும். அதை வைத்து மூளை, நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். அதனால்தான் நடக்கும்போது உலகம் குலுங்காமல் நிற்கிறது. ஒரு பக்கம் பழுதானால் கண் சொல்வதும், பாதம் சொல்வதும், காது சொல்வதும் ஒத்துப்போகாது. "நான் இங்கே, இந்த உடம்புக்குள், இந்த இடத்தில் நிற்கிறேன்" என்ற உணர்வு இந்த மூன்று சாட்சியும் ஒத்துப்போவதால்தான் கிடைக்கிறது. நாம் அதை ஓர் உணர்வு என்றுகூடக் கவனிப்பதில்லை. அது போனால்தான் அது இருந்தது தெரியும்.

2002-இல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய் இருந்த ஒரு பெண்ணுக்கு, சிகிச்சைக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ஓர் இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். முதலில் படுக்கைக்குள் அமிழ்வது போலவும் உயரத்திலிருந்து விழுவது போலவும் இருந்தது என்றார். மின்சாரத்தைக் கூட்டியதும், மேலே இருந்து தன் உடம்பையே பார்ப்பதாகச் சொன்னார். ஒலாஃப் பிளாங்கே குழுவினர் இதை வெளியிட்டார்கள். சமநிலை உணர்வும் 'நான்' என்ற உணர்வும் மூளையில் எவ்வளவு நெருங்கிய அயலார் என்பதை இதற்கு மேல் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்த நிலையை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் மனநல மருத்துவரே இல்லை. மோரிஸ் கிரிஷாபேர், பாரிசில் இருந்த ஹங்கேரியக் காது மூக்கு தொண்டை மருத்துவர். 1873-இல் 38 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பலர் உலகம் நிஜமில்லை போல இருக்கிறது என்றவர்கள். புலன்களிலிருந்து வரும் செய்தி கெட்டுப்போவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். டீபெர்சனலைசேஷன் என்ற பெயரை லுடோவிக் துகா 1898-இல்தான் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால், 1861-இல், அதே பாரிசில் மெனியே என்ற மருத்துவர் தலைசுற்றலுக்குக் காரணம் மூளையில் ரத்தம் தேங்குவது இல்லை, காதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆக, காதின் குற்றத்துக்குத் தலையைத் தண்டிப்பது பழைய வழக்கம்.

எனக்கு வந்திருந்தது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், அதாவது சமநிலை நரம்பின் அழற்சி. பெரும்பாலும் வைரஸால் வருவதாக நினைக்கிறார்கள். கேட்கும் திறன் கெடுவதில்லை, அதனால் யாரும் காதை நினைப்பதில்லை. ஸ்கேனிலும் பொதுவாக எதுவும் தெரியாது. நரம்பு முழுதாகத் திரும்பாவிட்டாலும், இருக்கிற காதை வைத்துக்கொண்டு மூளை கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆனால் திருத்துவதற்கு அதற்குத் தவறுகள் தெரிய வேண்டும். தலையை அசைத்தால்தான் தவறு தெரியும். எனக்கு நடந்தது நேர் எதிர். சுற்றலை அமுக்கும் மாத்திரைகள் முதல் சில நாளைக்குத்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் இந்தத் திருத்தத்தையே தாமதமாக்கும். கழுத்துக் காலர் தலையை அசையவிடவில்லை. பயத்தில் நானும் படுத்தே கிடந்தேன். மூளை பாடம் படிக்க வழியே இல்லாமல் செய்துவிட்டோம்.

சிகிச்சை என்று கிடைத்தது பயிற்சிதான். 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் ஆரம்பித்து வைத்த முறையின் வழித்தோன்றல். ஒரு தாளில் 'அ' என்று எழுதி, கண் உயரத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு கை தூரத்தில் நின்று, எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எழுத்து கலங்காத அளவு வேகத்தில் ஒரு நிமிடம். பிறகு மேலும் கீழும். ஒரு நாளைக்குப் பல முறை. முதல் நாள் இருபது நொடியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும், வந்தால்தான் மூளை வேலை செய்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என் பயத்தில் பாதியை எடுத்துவிட்டது. ஒரு மாதம் கழித்து வெறும் சுவருக்குப் பதிலாகக் கட்டம் போட்ட செட்டிநாட்டுச் சேலை ஒன்றைக் கொடியில் விரித்து, அதன் மேல் எழுத்தைக் குத்திவைத்தேன். ஜவுளிக்கடைக்கு ஒத்திகை அது. தலையணை மேல் கண்ணை மூடி நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது எல்லாம் இருந்தன. அருகில் சுவரும் ஓர் ஆளும் இல்லாமல் இவற்றைச் செய்யக் கூடாது. எந்தப் பயிற்சி என்பதையும் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். எல்லாத் தலைசுற்றலுக்கும் ஒரே பயிற்சி கிடையாது.

முதல் ஆறு வாரம் கிறுகிறுப்பு குறைந்தது, கண்ணாடி போகவில்லை. அதில் மனம் உடைந்துபோனேன். காரணம் இருந்தது. பதினொரு மாதம் என்னை நானே உற்று உற்றுப் பார்த்து, "இப்ப நிஜமா இருக்கா, இப்ப இருக்கா?" என்று சோதித்துப் பழகியிருந்தேன். காது விட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்படிக் காதுப் பழுது அடங்கிய பிறகும் நீடிக்கும் கிறுகிறுப்புக்கு 2017-இல் சர்வதேச அளவில் தனிப் பெயரும் வரையறையும் வகுத்திருக்கிறார்கள். அதற்கு ஓர் உளவியலாளர் உதவினார், பத்து அமர்வுகள். உடல் காரணம் கிடைத்துவிட்டால் மனதுக்கு வேலையே இல்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன.

நாலாவது மாதத்தின் முடிவில் ஒரு நாள், லென்ஸ் வாய்ப்பாட்டைப் பலகையில் வருவித்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்தது. சாக்பீஸை வைக்கும்போதுதான் தோன்றியது, அந்த நாற்பது நிமிடத்தில் எத்தனை முறை திரும்பியிருப்பேன், ஒரு முறைகூடக் கவனிக்கவில்லையே! முன் பெஞ்சில் இருந்த பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகம் தட்டையாக இல்லை.

தம்பிக்கும் காதுதான் என்று நான் சொல்லவில்லை. காதாக இருந்தால் பொதுவாகத் தலையை அசைத்தாலும், கூட்டத்திலும், கடையின் வரிசையான அலமாரிகளுக்கு நடுவிலும் கூடும். ஆரம்பத்தில் ஒரு சுற்றலோ தள்ளாட்டமோ இருந்திருக்கும். தலைவலி வரலாறு இருந்தால் ஒற்றைத் தலைவலியின் சமநிலை வடிவமும் உண்டு; அதில் சில தடவை தலைவலியே இல்லாமல் கிறுகிறுப்பு மட்டும் வரும்.

நாள் முழுவதும் இல்லாமல், சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடம் வரை, ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்து போகிறதா? வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புவது, திடீர் பயம், இல்லாத வாசனை, 'இது முன்பே நடந்தது' என்ற உணர்வு கூட வருகிறதா? அப்படியானால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையின் பொட்டு மடலில் (டெம்போரல் லோப்) எழும் வலிப்பு இப்படித்தான் வரும். கை கால் இழுக்காது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை முதல் முறை சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. தூக்கத்தில் எடுக்கச் சொல்வார்கள். வலிப்பு என்ற சொல்லுக்குப் பயந்து இதை மறைக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்திலிருந்த வலிப்புத் தடையையே 1999-இல் நீக்கிவிட்டார்கள். நாமும் நீக்கிவிடலாம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா? தம்பி சைவமா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலத்துக்கான மாத்திரையோ நாள்பட்டுச் சாப்பிடுகிறாரா? ரத்தசோகை இல்லாவிட்டாலும் பி12 குறைவு நரம்பையும் மனதையும் பாதிக்கும் என்று 1988-லேயே அமெரிக்காவில் காட்டியிருக்கிறார்கள். பி12 குறைவால் நரம்பிலோ மனதிலோ கோளாறு வந்த 141 பேரில் 40 பேருக்கு ரத்தத்தில் ரத்தசோகையின் அடையாளமே இல்லை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். கஞ்சா பழக்கம் இருந்ததா என்று கோபப்படாமல் கேளுங்கள். அதுவும் தெரிந்த ஒரு காரணம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, எழுதி எடுத்துப் போங்கள்.

இத்தனையும் பார்த்து எதுவும் கிடைக்காமலும் போகலாம். பதற்றம், மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி, இவற்றால் வருவதுதான் பலருக்கு. அதுவும் உண்மையான நோய், அதற்கும் பேச்சு சிகிச்சை உண்டு. எதுவானாலும் இப்போதைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் கோபத்தில் ஒரே நாளில் நிறுத்திப் பட்ட பாடு போதும்: தூக்கம் போய், நடுக்கம் வந்து, கண்ணாடி இரட்டிப்பானது. பிறகு மருத்துவர் மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற பேச்சு தம்பியிடமிருந்து வந்தால், பரிசோதனை எல்லாம் அப்புறம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

என் இடது காது இன்னும் திரும்பவில்லை. இரவில் கரண்ட் போனால் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறேன், ஏனென்றால் இருட்டில் கண்ணின் சாட்சியும் போய்விடுகிறது. அதனால்தான் அந்த மருத்துவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியை உங்களுக்கும் தருகிறேன். தம்பியிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது, கை தானாக வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறதா?